கறளுக்குக் கீழே ஒரு மஞ்சள்

2022இல் பெற்றோல் வரிசையில் இரண்டு நாள் நின்று வெறுங்கையோடு திரும்பிய பிறகுதான் எங்களுக்கு மூத்தாப்பாவின் சைக்கிள் ஞாபகம் வந்தது. மூடியிருந்த பாடசாலைகளைத் திறந்து வாரத்துக்கு மூன்று நாள் நடத்தச் சொல்லியிருந்தார்கள். எங்கள் பாடசாலை வீட்டிலிருந்து ஒன்பது கிலோமீற்றர். (இந்தப் பதிவில் 'நாங்கள்' என்றால் தம்பியையும் சேர்த்துத்தான். வேலையில் பாதிக்கு மேல் அவன் செய்தது. எழுதுவது மட்டும்தான் நம் பங்கு.)

பின் தாழ்வாரத்தில் சாக்குச் சுற்றித் தொங்கிக் கிடந்தது. றலி. 28 அங்குலச் சில்லு, கம்பிப் பிறேக், செயின் சில்லில் கொக்குத் தலை. "57 வெள்ளத்துக்கு முந்தின வருஷம் வாங்கின" என்று உம்மா சொல்வா. எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் வருடத்தை இலக்கத்தால் சொல்வது குறைவு. 57 வெள்ளம், 78 சூறாவளி, கடல் வந்த வருஷம். அந்த மூன்றையும் இந்தச் சைக்கிள் கண்டிருக்கிறது. மூன்றாவதில் கடல் அதைத் தூக்கிக்கொண்டு போய், நாலு வளவு தாண்டி ஒரு கிணற்றுக் கட்டில் சாத்தி வைத்துவிட்டுப் போனது. மாமா தேடிப் பிடித்து, கழுவாமலே கொண்டுவந்து தொங்கவிட்டார். அந்த நாட்களில் சைக்கிள் கழுவ யாருக்கு மனம் இருந்தது?

மூத்தாப்பா மருதமுனைச் சாரம் விற்றவர். நெய்தவர்களிடம் வாங்கி, கெரியரில் கட்டி, வடக்கே மட்டக்களப்பு வரைக்கும் ஊர் ஊராகப் போவார். போய்த் திரும்ப இரண்டு மூன்று நாள் ஆகும். இடையில் தங்கும் வீடுகள் இருந்தன. 85க்குப் பிறகு அந்தப் பயணம் நின்றது. ஏன் என்று எங்கள் பக்கத்தவர்களுக்கு எழுதத் தேவையில்லை.

சைக்கிளை இறக்கிய அன்றே ஒரு முட்டாள்தனம் செய்தோம். ஹாண்டில் முழுக்கக் கறள். யாரோ சொன்னார்கள், குளியலறைத் தரை கழுவும் அசிட் போட்டால் ஐந்து நிமிடத்தில் கண்ணாடி மாதிரி வரும் என்று. வலது பக்கத்தில் ஊற்றித் தும்பால் தேய்த்தோம். நுரைத்தது, பச்சையாக வழிந்தது, கறளும் போனது. கழுவித் துடைத்துப் பார்த்தால், வலது பக்கம் வெள்ளையாக இல்லை. பழைய கரண்டி மாதிரி ஒரு மங்கல் மஞ்சள்.

பயந்துபோய் சந்தையடி சைக்கிள் கடைக் காக்காவிடம் கொண்டு போனோம். எழுபது தாண்டியவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்துவிட்டு, "என்ன மகன் செஞ்சிருக்கீங்க? குரோம் போயிட்டு. இது நிக்கல்" என்றார். பிறகு நகத்தால் ஒரு கறள் புள்ளியைச் சுரண்டி, "இதுக்குக் கீழதான் இரும்பு. மத்தப் பக்கத்தில கை வெச்சிராதீங்க" என்றார்.

வெளியில் தெரிவது ஒன்று, அதற்குக் கீழே இன்னொன்று, அதற்கும் கீழே இரும்பு. வரலாறு படிப்பிக்கிற எங்களுக்கு இது தெரியாமல் போனது வெட்கமாக இருந்தது. அதன் பிறகுதான் வாசிக்கத் தொடங்கினோம். வாசிக்க வாசிக்க, சைக்கிளின் மினுக்கமும் கறுப்பும் சைக்கிளுக்காகப் பிறந்தவை அல்ல என்று தெரிந்தது. இரண்டும் தேநீர் மேசையிலிருந்து வந்தவை. ஒன்று கரண்டியிலிருந்து, மற்றது தேநீர்த் தட்டிலிருந்து.

முதலில் கறுப்பு. ஆங்கிலத்தில் 'ஜப்பான்' என்பது ஒரு நாட்டின் பெயர் மட்டுமல்ல, கறுப்பு மினுக்குப் பூச்சுக்கும் அதே பெயர். சீனாவிலும் ஜப்பானிலும் ஒரு மரத்தின் பாலைப் பூசிச் செய்த பெட்டிகளும் தட்டுகளும் 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குப் போனபோது, பணக்காரர்கள் அவற்றுக்குப் பைத்தியமானார்கள். அந்த மரம் பிரித்தானியாவில் இல்லை. எனவே அங்கே நிலக்கீலையும் ஆளிவிதை எண்ணெயையும் தேர்ப்பன்டைனில் கலந்து, தகரத்தில் பூசி, சூளையில் சுட்டு, தேய்த்து, மறுபடி பூசிச் சுட்டார்கள். வேல்ஸில் பொன்டிபூல், இங்கிலாந்தில் பில்ஸ்டன், வுல்வர்ஹாம்ப்டன், பேர்மிங்ஹாம் ஆகிய ஊர்கள் இந்தக் கறுப்புத் தட்டுகளால் பிழைத்தன. கறுப்புக்கு மேல் தங்கக் கோடு, பூ, பறவை எல்லாம் கையால் வரைவார்கள்.

19ஆம் நூற்றாண்டின் நடுவில் அந்தத் தொழிலுக்கு அடி விழுந்தது. அடித்தது பக்கத்து ஊர்தான். 1840இல் பேர்மிங்ஹாமில் எல்கிங்டன் குடும்பத்தார் மின்சாரத்தால் வெள்ளி முலாம் பூசும் முறைக்குக் காப்புரிமை பெற்றார்கள். மலிவான உலோகத்துக்கு மேல் மெல்லிய வெள்ளி. நடுத்தர வீடுகளிலும் வெள்ளிக் கரண்டி, வெள்ளித் தட்டு வந்தது. கறுப்புத் தட்டின் மவுசு போனது. பூச்சுக்காரர்கள் வேறு வேலை தேடினார்கள்.

அப்படித் தேடியவர்களில் ஒருவர் ஜோன் மார்ஸ்டன். 1836இல் பிறந்தவர். எட்வர்ட் பெரி என்ற வுல்வர்ஹாம்ப்டன் பூச்சுக்காரரிடம் பதினைந்து வயதில் வேலை பழகப் போனார். 1859இல் சொந்தத் தொழில். 1871இல் பழைய எஜமானின் தொழிலையே வாங்கிவிட்டார். 1885இல் கொவென்ட்ரியில் ஜோன் கெம்ப் ஸ்டார்லி இரண்டு சில்லும் கிட்டத்தட்டச் சம அளவான, செயினால் பின்சில்லு ஓடும் சைக்கிளைக் கொண்டுவந்தார். அடுத்த இரண்டே வருடத்தில், 1887இல், மார்ஸ்டன் சைக்கிள் செய்யத் தொடங்கினார். பெயர் சன்பீம். கறுத்தப் பூச்சு, அதன்மேல் தங்கக் கோடு. தட்டில் இருந்தது அப்படியே குழாய்க்கு வந்துவிட்டது. பூச்சின் பளபளப்பில் வெயில் தெறித்ததைப் பார்த்து அவருடைய மனைவி வைத்த பெயர்தான் சன்பீம் என்று ஒரு கதையும் சொல்வார்கள்.

மூத்தாப்பாவின் சைக்கிள் சன்பீம் அல்ல. அது நொட்டிங்ஹாம் நகரத்துத் தொழிற்சாலையில் செய்த றலி. 1950களின் தொடக்கத்தில் அந்தத் தொழிற்சாலை வருடத்துக்குப் பத்து இலட்சம் சைக்கிள் அளவில் செய்து உலகமெங்கும் அனுப்பிக்கொண்டிருந்தது. அதில் ஒன்று கொழும்புத் துறைமுகத்தில் இறங்கி, எங்கள் ஊருக்கு வந்திருக்கிறது. ஆனால் கறுப்பும் கோடும் அதே வழிவந்தவைதான்.

இனி மினுக்கம். வெள்ளி மின்முலாம் கரண்டிக்குச் சரி, சைக்கிளுக்கு விலை கூட, மென்மையும் கூட. 1869இல் பொஸ்டனைச் சேர்ந்த ஐசாக் அடம்ஸ் நிக்கல் முலாமுக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். கெட்டியானது, மலிவானது. சைக்கிள்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். 1920கள் வரைக்கும் ஹாண்டில், பெடல் தண்டு, பெல் எல்லாம் நிக்கல்தான். அதன் நிறம் கொஞ்சம் மஞ்சள் கலந்த வெள்ளை. அழகு. ஆனால் காற்றுப் பட்டால் மங்கும், வாரத்துக்கு ஒருமுறை யாராவது உட்கார்ந்து தேய்க்க வேண்டும்.

அந்தத் தேய்ப்பை இல்லாமல் செய்ததுதான் குரோம். 1920களின் நடுவில், நியூயோர்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கொலின் ஃபிங்க்கும் கூட இருந்தவர்களும் குரோமிய முலாமைத் தொழிற்சாலைக்கு ஏற்ற மாதிரி ஒழுங்குபடுத்தினார்கள். பத்து வருடத்துக்குள் கார், சைக்கிள், தண்ணீர்க் குழாய் எல்லாம் நீலம் கலந்த வெள்ளையாக மினுங்கின. நிக்கல் போகவில்லை, கீழே போய்விட்டது. இரும்புக்கு மேல் நிக்கல், அதற்கு மேல் குரோம். அந்தக் குரோமின் தடிப்பு ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது. எங்கள் அசிட் அதைத்தான் ஐந்து நிமிடத்தில் தின்றது. எழுபது வருடம் நின்ற ஒரு படலம்.

இந்த மினுக்கத்துக்கு ஒரு விலை இருந்தது, அதைப் பலர் எழுதுவதில்லை. முலாம் தொட்டியில் இருப்பது குரோமிக் அமிலம். மின்சாரம் ஓடும்போது குமிழிகள் மேலே வந்து வெடிக்கும், அமிலம் பனி மாதிரி காற்றில் கலக்கும். தொட்டியருகில் நின்றவர்களுக்குக் கையில் ஆறாத குழிப்புண்கள் வந்தன. மூக்கின் நடுத்தட்டில் ஓட்டை விழுந்தது. புதுத் தொழில் தொடங்கி ஆறேழு வருடத்துக்குள், 1931இல், பிரித்தானிய அரசு குரோமிய முலாமுக்கென்றே தனி விதிகள் கொண்டுவர வேண்டியிருந்தது. மூத்தாப்பாவின் ஹாண்டிலும் அப்படி ஒரு தொட்டியில் தோய்ந்து வந்ததுதான். விதிகள் வந்த பிறகு தோய்ந்தது என்பது ஓர் ஆறுதல்.

அசிட் சம்பவத்துக்குப் பிறகு சிலர் "கொழும்புக்கு அனுப்பிப் புதுசா குரோம் அடிச்சு எடுங்க" என்றார்கள். காசும் ஒரு காரணம், மறைக்கவில்லை. ஆனால் புதுக் குரோம் அடிக்க வேண்டுமென்றால் முதலில் பழையதை எல்லாம் உரித்து, இரும்பைக் கடைந்து, குழிகளை நிரப்ப வேண்டும். கடைசியில் கையில் கிடைப்பது மூத்தாப்பாவின் ஹாண்டிலின் வடிவத்தில் இருக்கும் வேறொரு ஹாண்டில். நாங்கள் அதை விட்டுவிட்டோம்.

யுத்தக் கதை ஒன்றையும் இடையில் சொல்ல வேண்டும். இரண்டாம் உலக யுத்தத்தில் நிக்கலும் குரோமியமும் ஆயுதத் தேவைக்குப் போனதால், இங்கிலாந்தில் செய்த சைக்கிள்களில் ஹாண்டிலுக்கும் றிம்முக்கும்கூடக் கறுத்தப் பெயின்ட் அடித்தார்கள். அதே காலத்தில் ஜப்பானியப் படை சைக்கிளில் மலாயாவைக் கடந்து, 1942 பெப்ரவரியில் சிங்கப்பூரைப் பிடித்தது. ஏப்ரலில் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு விழுந்தது. பழைய சைக்கிள் வாங்கும்போது மினுக்கம் ஒரு இடத்திலும் இல்லாத, பார்க்க மலிவாகத் தெரியும் ஒன்று கிடைத்தால் உடனே ஒதுக்க வேண்டாம். பிற்காலத்தில் யாரோ தூரிகையால் பூசியதா, தொழிற்சாலையில் சுட்டதா என்று நகத்தால் பாருங்கள். சுட்டது நகத்துக்கு அசையாது.

இந்த நக வித்தையை எங்களுக்குக் காட்டியவரும் கடைக் காக்காதான். மூத்தாப்பாவின் சைக்கிளில் இரண்டு மட்கார்டும் செயின் கவரும் வெள்ளிப் பெயின்டில் இருந்தன. 70 முதல் 77 வரை இறக்குமதி கட்டுப்பட்டிருந்த காலம். மாவுக்கும் துணிக்கும் வரிசை. சைக்கிள் பாகம் தேடினால் கிடைக்காது, உள்ளதை வைத்துத்தான் ஓட வேண்டும். மட்கார்டில் கறள் ஏறத் தொடங்கியதும் மூத்தாப்பா எங்கோ கிடைத்த அலுமினியப் பெயின்டை வாங்கி அடித்துவிட்டார். அவருக்குக் கோடும் பூவும் முக்கியமில்லை, மட்கார்ட் ஓட்டையாகக் கூடாது. அரத்தாள் போட்டுத் தேய்க்காமல், எண்ணெய்ப் பிசுக்கோடு அடித்திருக்கிறார். எங்களுக்கு அது நல்லதாய்ப் போனது. சூளையில் சுட்ட வழுவழுப்பில் அந்தப் பெயின்ட் சரியாகப் பிடிக்கவே இல்லை.

கெமிக்கல் ஒன்றும் பாவிக்கவில்லை. சவர்க்காரத் தண்ணீரில் ஊறவைத்த துணியை ஓர் இரவு சுற்றிவைத்து, காலாவதியான தொலைபேசி அட்டையின் விளிம்பால் மெதுவாக நெம்பினோம். மீன் செதிள் மாதிரிக் கழன்றது. ஒரு நாளைக்கு உள்ளங்கை அளவுதான் நகரும். கத்தி, பிளேட் எதையும் கிட்டக் கொண்டுவரக் கூடாது. ஐந்தாம் நாள் பின் மட்கார்டில் தம்பி கூப்பிட்டான். கறுப்புக்கு மேல் ஒரு தங்கக் கோடு. வெயிலும் மழையும் படாமல் நாற்பத்தைந்து வருடத்துக்கு மேல் மூடிக் கிடந்ததால் புதிது மாதிரி இருந்தது. கோடு தொடங்கிய இடம் கொஞ்சம் தடிப்பு, போகப்போக மெலிவு. பெயின்ட் நிறைந்த தூரிகையை வைத்து ஒருவர் இழுத்திருக்கிறார். அவர் பெயர் யாருக்கும் தெரியாது.

இப்படி முழு மட்கார்டையும் திறக்கலாம் என்று தம்பிக்கு ஆசை. உம்மா வந்து பார்த்தா. "வாப்பா பூசினதை எல்லாம் ஏன் மகன் உரிக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டா. அன்று வேலை நின்றது. இரண்டு நாள் நாங்கள் அதைத் தொடவில்லை.

நொட்டிங்ஹாமில் முகம் தெரியாத ஒருவர் இழுத்த கோடு ஒருபுறம். உம்மா பார்த்துக்கொண்டிருக்க மூத்தாப்பா பூசிய பெயின்ட் மறுபுறம். எது 'அசல்'? வெளிநாட்டில் பழைய சைக்கிள் சேர்ப்பவர்களைக் கேட்டால் கோடுதான் என்பார்கள். எங்கள் வீட்டில் அந்தப் பதில் செல்லாது. பின் மட்கார்டில் திறந்த ஒரு சாண் அளவை அப்படியே விட்டோம். மற்றதெல்லாம் இன்றைக்கும் வெள்ளிப் பெயின்டுதான்.

கெரியரில் அந்தக் குழப்பமே வரவில்லை. இரண்டு பக்கக் கம்பியிலும் கறுப்பு தேய்ந்து இரும்பு வழுவழுப்பாகத் தெரியும் இடங்கள் நாலு, இடமும் வலமும் நேருக்கு நேர். சாரக் கட்டை இறுக்கிய கயிறு உரசிய இடங்கள். எத்தனை வருடம், எத்தனை தடவை கட்டி அவிழ்த்திருந்தால் சுட்ட எனாமல் அப்படித் தேயும்? மூத்தாப்பாவிடம் கணக்குக் கொப்பி இருந்ததாம், அது கடலோடு போய்விட்டது. அவர் போய்வந்ததற்கு எங்களிடம் எஞ்சியிருப்பது இந்த நாலு தேய்வுதான். அங்கே பெயின்ட் வைக்க எங்களுக்குக் கை வரவில்லை. மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, வசலின் மெல்லியதாகப் பூசி விடுகிறோம். மாதம் ஒருமுறை.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்குக் குரோம் விடயத்தையும் எழுதிவிடுகிறோம், பலர் இன்பொக்ஸில் கேட்டது இதைத்தான். அசிட் வேண்டாம், இரும்புத் தும்பும் வேண்டாம். புரியாணிப் பார்சலில் வரும் அலுமினியத் தாளைக் கழுவி, கசக்கி, தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள். அலுமினியம் குரோமைவிட மென்மை, அதனால் கீறாது. கறளை மட்டும் வழித்தெடுக்கும். சாம்பல் நிறச் சேறு வரும், அதைத் துடைத்துத் துடைத்துத் தேய்க்க வேண்டும். ஒரு றிம்முக்கு எங்களுக்கு ஒரு பின்னேரம் முழுக்கப் போனது. கறள் இருந்த இடத்தில் ஊசிமுனைக் குழிகள் மிஞ்சும். அவை போகாது.

அந்தக் குழிகள் ஏன் என்று தரம் 11 பிள்ளைகள் கேட்டார்கள். குரோமில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் உண்டு. அதன் வழியாக உப்புக்காற்று உள்ளே போகும், கீழே நிக்கலிலும் ஓட்டை இருந்தால் இரும்பைத் தொடும். வாளிக்குப் பூசும் துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காக்கும். நிக்கலும் குரோமும் அப்படி அல்ல, ஓட்டை விழுந்தால் தாங்கள் அப்படியே இருந்துகொண்டு இரும்பைத்தான் கரைய விடும். அதனால்தான் மேலே பளபளவென்று இருக்கும் றிம் உள்ளே உக்கிப்போயிருக்கும். கடற்கரை ஊர்ப் பிள்ளைகளுக்கு இது ஒரே தடவையில் விளங்கியது. கைத்தொழிற் புரட்சிப் பாடத்தில் நீராவி இயந்திரத்தைப் படமாகத்தான் காட்ட முடிகிறது. தேநீர்த் தட்டும் கரண்டியும் சேர்ந்து சைக்கிளான கதைக்கு, சைக்கிளையே வகுப்புக்குள் உருட்டிக்கொண்டு போனோம். அதிபர் ஒன்றும் சொல்லவில்லை, கரும்பலகையில் டயர் அடையாளம் படாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

சைக்கிள் இப்போதும் ஓடுகிறது. பெற்றோல் வந்த பிறகும் வாரத்தில் இரண்டு நாள் அதில்தான் போகிறோம். ஹாண்டிலின் இடது பக்கம் வெள்ளை, வலது பக்கம் மஞ்சள். வெள்ளைப் பக்கத்துக்கு ஈரத் துணி போதும். மஞ்சள் பக்கம் பத்து நாளில் மங்கிவிடும். கடைக் காக்கா சொன்னபடி, நுண்ணிய சோக்குத் தூளை ஸ்பிரிட்டில் குழைத்துப் பழைய சாரத் துண்டால் தேய்க்கிறோம். குரோம் வருவதற்கு முன் எல்லா வீட்டிலும் யாரோ ஒருவர் செய்த வேலை அது. எங்கள் வீட்டில், அசிட் ஊற்றிய குற்றத்துக்காக, அது தம்பியின் முறை.